எத்தீம் பிள்ளையின் கணக்கு

ஏழை நாட்டுப் பிள்ளை ஒன்றின் வளர்ப்புச் செலவை மாதந்தோறும் ஏற்றுக்கொள்ளும் வழக்கம் நம் வியாபார அன்பர்களிடையே பெருகி வருகிறது. நோன்பு மாதம் நெருங்கினால் கடைக்குக் கடை அச்சடித்த தாள்கள் வருகின்றன. கைபேசியில் வருபவை அதற்கும் மேல். ஒரு பிள்ளையின் படம், பெயர், வயது, ஊர், மாதம் இத்தனை வெள்ளி என்ற குறிப்பு. நம்மவர் இளகிய நெஞ்சினர். வெங்காய மூட்டைக்குப் பத்துக் காசு குறைக்க அரை மணி நேரம் பேசுகிறவர், இந்தத் தாளைக் கண்டதும் ஒரு வார்த்தையும் பேசாமல் கல்லாவைத் திறந்துவிடுகிறார். கொடுத்த பிறகு அதைப் பற்றி விசாரிப்பதுமில்லை. கொடுத்ததை விசாரிப்பது பெருந்தன்மைக்குக் குறைவு என்று ஓர் எண்ணம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது.

அந்த எண்ணம் சரிதானா என்று பார்க்கவே இக்கட்டுரை. விசாரிக்காமல் கொடுத்த பணம் வீணாய்ப் போனால் நஷ்டம் பணத்தோடு நிற்கும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் நமக்கு அண்டை நாடான கம்போடியாவில், அப்படிப்பட்ட பணம் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து வைத்திருக்கிறது. கொடுத்தவர்கள் கெட்டவர்களல்லர். கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை, அவ்வளவே.

எத்தீம் யார்?

முதலில் சொல்லைப் பார்ப்போம். நாம் பேச்சில் ‘எத்தீம்’ என்பது அரபு மொழியின் ‘யத்தீம்’. பருவ வயதை அடையுமுன் தந்தையை இழந்த பிள்ளை என்பதே மார்க்கச் சட்ட நூல்கள் அதற்குத் தரும் பொருள். தமிழில் எழுதும்போது ‘அநாதை’ என்று எழுதிவிடுகிறோம். அநாதை என்றால் நாதியற்றது, கேட்பாரற்றது. இரண்டும் ஒன்றல்ல. எத்தீமுக்குத் தாய் இருக்கலாம், பெரும்பாலும் இருக்கிறாள். பாட்டி இருப்பாள், தாய்மாமன் இருப்பார், சிறிய தந்தை இருப்பார். இல்லாதது சம்பாதிக்கிற கை ஒன்றுதான்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 2015ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, தாய் தந்தையரில் ஒருவரையோ இருவரையுமோ இழந்த பிள்ளைகள் உலகில் ஏறத்தாழ 14 கோடிப் பேர் என்று ஐ.நா. குழந்தைகள் நிதியமாகிய யுனிசெஃப் கணக்கிட்டது. அவர்களுள் இருவரையும் இழந்தவர்கள் ஏறத்தாழ ஒன்றரைக் கோடிப் பேர். பத்தில் ஒரு பங்குக்குச் சற்றே மேல். மற்ற எல்லாருக்கும் பெற்றவர் ஒருவர் உயிரோடு இருக்கிறார். 14 கோடி என்ற எண்ணைப் பெரிய எழுத்தில் போடும் தாள்கள், இந்த இரண்டாவது எண்ணைப் போடுவதில்லை.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எத்தீமாகவே பிறந்தவர்கள். தந்தை அப்துல்லாஹ் அவர்கள் பிள்ளை பிறக்குமுன்பே மறைந்தார்கள். ஆறு வயது வரை அன்னை ஆமினா, எட்டு வயது வரை பாட்டனார் அப்துல் முத்தலிப், அதன்பின் பெரிய தந்தை அபூதாலிப் என்று கை மாறிக் கை மாறி வளர்ந்தார்கள். ஒவ்வொரு கையும் சொந்தக் குடும்பத்தின் கை. அபூதாலிப் வசதி படைத்தவரல்லர், பிள்ளைகள் பலர், ஆயினும் தம் வர்த்தகப் பயணத்தில் சிறுவரைச் சிரியா தேசம் வரை உடன் அழைத்துச் சென்றார். பிற்காலத்தில் மக்காவில் பஞ்சம் வந்தபோது, அதே அபூதாலிபின் பாரத்தைக் குறைக்க அலீ (ரலி) அவர்களை நாயகம் (ஸல்) அவர்கள் தம் வீட்டுக்கு அழைத்துக்கொண்டார்கள். அப்பாஸ் (ரலி) அவர்கள் ஜஅஃபர் (ரலி) அவர்களை அழைத்துக்கொண்டார்கள். இவ்வளவிலும் பிள்ளை ஊரையும் உறவையும் விட்டு எங்கும் கொண்டுபோகப்படவில்லை.

பெயர் விஷயத்திலும் மார்க்கம் கண்டிப்பாக இருக்கிறது. வளர்க்கிறவர் தம் பெயரைப் பிள்ளைக்குத் தகப்பன் பெயராக ஆக்கிக்கொள்ள முடியாது. பிள்ளை தன் தந்தையின் பெயராலேயே அழைக்கப்பட வேண்டும் என்பது திருமறையின் 33ஆம் அத்தியாயத்தில் உள்ள கட்டளை. செலவை ஏற்கலாம், வம்சத்தை அழிக்கக்கூடாது. ‘கஃபாலா’ என்று சட்ட நூல்கள் சொல்லும் பொறுப்பேற்பின் அடிப்படை இதுவே.

கம்போடியாவில் நடந்தது

இந்நாட்டைப் பற்றி நம்மவருக்குக் கொஞ்சம் தெரியும். மேக்காங் நதிக்கரையிலும் தோன்லே சாப் ஏரியின் பக்கங்களிலும் சாம் இனத்து முஸ்லிம்கள் வாழ்கிறார்கள். மீன்பிடித்தல், மாட்டு வியாபாரம், சில்லறைத் துணி வியாபாரம் அவர்களுடைய தொழில்கள். 1975 முதல் 1979 வரை நடந்த கெமர் ரூஜ் ஆட்சியில் நாட்டு மக்களில் ஏறத்தாழ பதினேழு லட்சம் பேர் மாண்டார்கள். சாம் மக்களைத் தனியே குறிவைத்துக் கொன்றார்கள்; பள்ளிவாசல்களை இடித்தார்கள். அந்த ஆட்சியின் இரண்டாம் தலைவராயிருந்த நுவோன் சியா, சாம் மக்களை இனப்படுகொலை செய்த குற்றத்துக்காக 2018 நவம்பரில் தண்டிக்கப்பட்டார். அழிவுக்குப் பிறகு மலேசியாவிலிருந்தும் வளைகுடா நாடுகளிலிருந்தும் வந்த உதவியால் பள்ளிவாசல்களும் மத்ரஸாக்களும் திரும்ப எழுந்தன. ஆகவே கம்போடியப் பிள்ளை என்றதும் நம் நெஞ்சு இளகுவதற்குக் காரணம் உண்டு.

இப்போது ஒரு கணக்கைப் பாருங்கள். கொடுங்கோலாட்சி முடிந்தது 1979ல். அந்த ஆண்டில் பிறந்த குழந்தைக்கு 2005ல் 26 வயது. அதாவது அந்த ஆட்சியால் அநாதையானவர்கள் எல்லாரும் அதற்குள் வளர்ந்து ஆளாகிவிட்டார்கள். எய்ட்ஸ் நோய் சில வீடுகளை அழித்தது உண்மை. ஆனால் அந்நோயும் அப்போது தணிந்து வந்தது. நாட்டின் வறுமை குறைந்து கொண்டிருந்தது. அப்படியானால் அநாதை விடுதிகள் குறைந்திருக்க வேண்டுமல்லவா? குறையவில்லை. 2005க்கும் 2010க்கும் இடையில் அவை நூற்றுக்கு 75 பங்கு பெருகி 269 ஆயின. அவற்றுள் சர்க்கார் நடத்தியவை சொற்பமே. 2015ல் ஊர் ஊராகக் கணக்கெடுத்தபோது 406 விடுதிகளும் அவற்றில் 16,579 பிள்ளைகளும் இருப்பது தெரிய வந்தது. அப்பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தார்கள்.

எப்படி இது நேர்ந்தது? வியாபாரிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரு சரக்குக்குக் கிராக்கி இருந்தால் அந்தச் சரக்கு எங்கிருந்தாவது வந்து சேரும். அங்கோர் ஆலயத்தைப் பார்க்க ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் வந்த பயணிகள், அநாதைப் பிள்ளைகளையும் பார்க்க விரும்பினார்கள். பார்த்தவர்கள் அழுதார்கள், அழுதவர்கள் கொடுத்தார்கள், ஊர் திரும்பிச் சென்று மாதச் சந்தாவும் அனுப்பினார்கள். தாய் வீட்டில் இருக்கும் ஏழைப் பிள்ளைக்குக் கொடுப்பாரில்லை, விடுதியில் இருக்கும் பிள்ளைக்குக் கொடுப்பார் உண்டு என்றானதும், கிராமத்துக்கு ஆள் போயிற்று. ‘பிள்ளையை எங்களிடம் விடுங்கள். மூன்று வேளைச் சோறு, பள்ளிக்கூடம், ஆங்கிலம் எல்லாம் கிடைக்கும்’ என்று சொன்னால், கணவனை இழந்து நெல் வயலில் கூலிக்கு நாற்று நடுகிற தாய் என்ன சொல்வாள்? அவளுக்குத் தன் பிள்ளைமேல் பாசமில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். பாசம் இருந்ததால்தான் அனுப்பினாள்.

அப்படிப் போன பிள்ளைகளில் சிலர் நன்றாகவே படித்தார்கள். பலர் பயணிகள் வரும்போதெல்லாம் ஆடிப்பாடிக் காட்டினார்கள். சில இடங்களில் பிள்ளைகளை மெலிந்த கோலத்திலேயே வைத்திருந்தார்கள். பிள்ளை கொழுத்தால் வசூல் இளைக்கும் அல்லவா! சகிக்க முடியாத செய்திதான். ஆனால் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி. பின்னர் கம்போடிய சர்க்கார் விழித்துக்கொண்டு 2015ல் விடுதிகளுக்குக் கட்டுப்பாட்டு விதிகளைப் பிறப்பித்தது. ஐந்து மாநிலங்களில் விடுதிப் பிள்ளைகளில் நூற்றுக்கு 30 பேரைக் குடும்பத்துக்குத் திரும்ப அனுப்பும் திட்டத்தை வகுத்தது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச் சபையும் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து தேவையின்றிப் பிரிக்கலாகாது என்று தீர்மானம் செய்தது.

விடுதியில் சோறும் துணியும் நன்றாகக் கொடுத்தால் என்ன குறை என்று கேட்கலாம். இதற்கு ருமேனியா நாட்டில் நடந்த ஓர் ஆராய்ச்சி விடை தருகிறது. 2000ஆம் ஆண்டில் புக்காரஸ்ட் நகரில் விடுதிகளில் இருந்த 136 பச்சிளம் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு, சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் விட்டார்கள்; மற்றவர்கள் விடுதியிலேயே வளர்ந்தார்கள். வீட்டுக்குப் போனவர்களின் அறிவு வளர்ச்சி மேலோங்கியது. இரண்டு வயதுக்குள் போனவர்கள் இன்னும் நன்றாகத் தேறினார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு மடி வேண்டும். எட்டு மணிக்கு ஒரு தாதி, நான்கு மணிக்கு வேறொரு தாதி என்று முறை மாறி வருகிற இடத்தில் அது கிடைப்பதில்லை.

இதனால் விடுதிகள் யாவும் தீயவை என்று நாம் சொல்ல வரவில்லை. உறவே இல்லாத பிள்ளை உண்டு. வீட்டில் அடியும் கொடுமையும் பட்ட பிள்ளை உண்டு. அவர்களுக்குப் புகலிடம் வேண்டும். கிராமத்தில் ஆறாம் வகுப்புக்குமேல் பள்ளி இல்லாததால் பட்டணத்து மாணவர் விடுதியில் தங்கிப் படித்து, விடுமுறைக்கு வீடு போகிற பிள்ளையின் நிலையும் வேறு. அது படிப்பு விடுதி. அதை அநாதை விடுதி என்று பெயர் மாற்றி நம்மிடம் வசூலிக்கிறார்களா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பணம் பலன் தருமா?

இவ்வளவும் படித்துவிட்டு, ‘அப்படியானால் கொடுக்காமலே இருந்துவிடலாம்’ என்று முடிவு செய்கிறவர்களும் இருப்பார்கள். அது இன்னும் பெரிய பிழை. சரியான வழியில் கொடுத்த பணம் பலன் தந்திருக்கிறது என்பதற்கு வலுவான சான்று உண்டு.

பிள்ளை ஒன்றைப் பெயர் சொல்லி ஏற்கும் இக்கால முறை 1937ல் ஸ்பெயின் நாட்டு உள்நாட்டுப் போரின்போது பரவலாயிற்று. ஜான் லாங்டன் டேவிஸ் என்ற ஆங்கிலப் பத்திரிகையாளரும் எரிக் மகெரிட்ஜ் என்பவரும் போரில் சிக்கிய பிள்ளைகளுக்காக ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1950ல் கொரியப் போர் மூண்டபின் அமெரிக்காவில் இம்முறை பெரிதாக வளர்ந்தது. அன்று யாசித்து நின்ற தென்கொரியா, உதவி வழங்கும் நாடுகளின் குழுவில் 2010ல் அங்கம் பெற்றது. முஸ்லிம்களிடையே, எகிப்திய மருத்துவர் ஹானி அல்பன்னா 1984ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் தொடங்கிய இஸ்லாமிக் ரிலீஃப் முதலிய நிறுவனங்கள் எத்தீம் பராமரிப்பை இவ்வகையில் நடத்தி வருகின்றன.

பலன் என்ன என்பதை புரூஸ் வைடிக் முதலான மூன்று பொருளாதார அறிஞர்கள் இந்தியா, பிலிப்பைன்ஸ், கென்யா, உகாண்டா, பொலிவியா, குவாத்தமாலா ஆகிய ஆறு நாடுகளில் 10,144 பேரை விசாரித்து ஆராய்ந்து 2013ல் வெளியிட்டார்கள். அவர்கள் கையாண்ட முறை சாமர்த்தியமானது. உதவித் திட்டம் ஊருக்கு வந்தபோது 12 வயதுக்கு உட்பட்டவர்களை மட்டுமே சேர்த்தார்கள். ஆகவே ஒரே வீட்டில் தம்பி சேர்ந்தான். வயது கடந்த அண்ணன் சேர முடியவில்லை. ஒரே தாய், ஒரே அடுப்பு, ஒரே வறுமை. இருவரும் வளர்ந்தபின் ஒப்பிட்டுப் பார்க்கலாம் அல்லவா? உதவி பெற்றவர்கள் சராசரியாக ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கூடுதலாகப் படித்திருந்தார்கள். உயர்நிலைப் பள்ளியை முடித்தவர்கள் நூற்றுக்கு 12 முதல் 18 பேர் வரை அதிகம். மேசை வேலைக்குப் போனவர்களும் அதிகம்.

அத்திட்டத்தை நடத்தியது ஒரு கிறிஸ்தவ நிறுவனம். நல்ல முறையை யாரிடமிருந்தும் கற்றுக்கொள்ளலாம். நாம் கவனிக்க வேண்டியது இது: அப்பிள்ளைகள் தங்கள் வீட்டிலேயே வளர்ந்தார்கள். பணம் பள்ளிச் சம்பளமாகவும் சீருடையாகவும் வைத்தியமாகவும் பள்ளி விட்டபின் பாடம் சொல்லித்தரும் ஆசிரியராகவும் அவர்களிடம் வந்தது. அதே அறிஞர்களுள் சிலர் பின்னர் இந்தோனேசியாவில் ஏழைப் பிள்ளைகளுக்கு வண்ணப் பென்சில்களைக் கொடுத்துத் தங்களையே படம் வரையச் சொன்னார்கள். உதவி பெற்ற பிள்ளைகளின் படங்களில் நம்பிக்கையும் மலர்ச்சியும் கூடுதலாகத் தென்பட்டன. ‘நீ படித்து முன்னுக்கு வருவாய்’ என்று ஒருவர் பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டே இருந்தால் பிள்ளை அதை நம்பத் தொடங்குகிறது. சோற்றுக்கு அடுத்தபடி அதற்குத் தேவையானது அதுதான்.

திருமறை கற்பிக்கும் கணக்கு

எத்தீமின் சொத்தைப் பற்றித் திருமறையின் நான்காம் அத்தியாயமாகிய ‘அந்நிஸா’வின் தொடக்கத்தில் வரும் கட்டளைகளை வியாபாரிகள் ஒருமுறை கணக்குப்பிள்ளையின் கண்ணால் படிக்க வேண்டும். எத்தீமின் நல்ல பொருளை எடுத்துக்கொண்டு மட்டமானதை வைக்காதே. அதன் பொருளை உன் பொருளோடு கலந்து விழுங்காதே. பராமரிக்கிறவர் செல்வராயிருந்தால் அதிலிருந்து ஒன்றும் எடுக்க வேண்டாம்; ஏழையாயிருந்தால் நியாயமான அளவு எடுத்துக்கொள்ளலாம். பிள்ளை பக்குவம் அடைந்ததும் சோதித்துப் பார்த்து, சாட்சிகளை வைத்துக்கொண்டு பொருளை ஒப்படைக்க வேண்டும். இவை அங்கே சொல்லப்பட்டிருப்பதன் கருத்து.

தனிக்கணக்கு, நிர்வாகச் செலவு, முடிவில் தணிக்கை ஆகிய மூன்றும் இதில் அடங்கிவிட்டன. அந்த வசனங்கள் பிள்ளையின் பிதுரார்ஜிதச் சொத்தைப் பற்றியவை என்பது உண்மை. ஆனால் ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்லி வசூலித்த பணமும் பிள்ளையின் பொருளே என்பது நம் அபிப்பிராயம். எனவே கணக்குக் கேட்பது சந்தேகப் புத்தியன்று. நடத்துகிறவர் நல்லவராயிருந்தால் கேட்கிறவரைக் கண்டு மகிழ்வார்.

நிர்வாகச் செலவே கூடாது என்று அடம்பிடிக்கும் அன்பர்களும் உண்டு. ‘நூறு வெள்ளி கொடுத்தால் நூறும் பிள்ளைக்குப் போக வேண்டும்’ என்பார்கள். நம் கடையில் வாடகை இல்லாமல், கூலி இல்லாமல், லாரிக்காரனுக்குக் கொடுக்காமல் சரக்கு அலமாரிக்கு வந்துவிடுகிறதா? கிராமம் கிராமமாய்ப் போய்ப் பிள்ளை பள்ளிக்குப் போகிறதா என்று பார்க்கிற ஊழியருக்குச் சம்பளம் வேண்டும். அந்த ஆள் இல்லையென்றால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் உண்டு. 1998ல் ‘சிக்காகோ டிரிபியூன்’ பத்திரிகையார் தாங்களே பல பிள்ளைகளுக்குச் சந்தா கட்டி, பிறகு நேரில் தேடிப் போனார்கள். மாலி நாட்டில் ஒரு சிறுமி இறந்து நெடுநாள் ஆகியிருந்தது. சந்தா மட்டும் தொடர்ந்து வாங்கப்பட்டு வந்தது. செலவு இல்லை என்று சொல்கிறவரைவிட, இன்ன செலவு இவ்வளவு என்று காட்டுகிறவரே நம்பத்தக்கவர்.

இன்னொரு விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். பெரிய நிறுவனங்கள் பல இப்போது பணத்தைப் படத்திலுள்ள பிள்ளையின் கையில் கொடுப்பதில்லை. ஊர்க் கிணறு, பள்ளிக்கூடம், மருந்தகம் என்று பொதுவில் செலவிடுகின்றன. இதில் தவறில்லை, நியாயமும் இருக்கிறது. நான்கு பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒன்றுக்கு மட்டும் புதுச் செருப்பும் பையும் வந்தால் மற்ற மூன்றின் முகத்தை யார் பார்ப்பது? 1982லேயே ‘நியூ இன்டர்நேஷனலிஸ்ட்’ என்ற பத்திரிகை இக்குறையை எழுப்பியது. ஆனால் பொதுவில் செலவிடுவதைப் பணம் கொடுப்பவரிடம் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஒரு பிள்ளையைக் காட்டிப் பணம் வாங்கிக் கிணறு வெட்டுவது, மாதிரிக்கு ஒரு சரக்கும் மூட்டையில் வேறு சரக்கும் வைப்பது போன்றது.

தாள் வந்தால் என்ன கேட்பது?

பிள்ளை எங்கே படுத்துறங்குகிறது என்பதே முதற்கேள்வி. தாய் வீட்டிலா, உறவினர் வீட்டிலா, விடுதியிலா? விடுதி என்றால் தாய் உயிரோடு இருக்கிறாளா, ஏன் அவளோடு இல்லை என்று கேட்க வேண்டும். ‘வறுமைதான் காரணம்’ என்று பதில் வந்தால், அதே பணத்தைத் தாயிடம் கொடுத்தால் வறுமை தீராதா என்பது அடுத்த கேள்வி. கட்டடம், சமையற்காரர், காவற்காரர், மின்சாரம் எல்லாம் சேர்ந்த விடுதிச் செலவில், இரண்டு மூன்று பிள்ளைகள் தங்கள் வீட்டிலேயே வளர முடியும்.

அப்புறம் பள்ளிக்கூடம். கம்போடியாவில் ஆரம்பப் பள்ளி சட்டப்படி இலவசம். என்றாலும் வெள்ளைச் சட்டை, நீலப் பாவாடை, நோட்டுப் புத்தகம், தனிப்பாடத்துக்கு ஆசிரியருக்குக் கொடுக்கும் சில்லறை ஆகியவற்றுக்குப் பணம் வேண்டும். ஆறாம் வகுப்பு முடிந்து ஏழாவதுக்குப் போகும்போதுதான் கண்டம். நடுநிலைப் பள்ளி தூரத்தில் இருக்கும், சைக்கிள் வேண்டும், அந்த வயதில் தையல் ஆலையோ செங்கற்சூளையோ எல்லைக்கு அப்பால் தாய்லாந்து வேலையோ பிள்ளையை இழுக்கும். நம் பணம் அந்த ஆண்டுகளில்தான் மிகவும் தேவை. ஆனால் தாள்களில் வரும் படங்களெல்லாம் ஐந்து ஆறு வயதுப் பாலகர்களுடையவை. மீசை அரும்பும் பையனின் படத்துக்கு யாரும் மனம் இரங்குவதில்லை! பன்னிரண்டு வயதுப் பிள்ளையைக் கேட்டு வாங்கி ஏற்றுக்கொள்ளும் வியாபாரி ஒருவராவது நம்மிடையே தோன்ற வேண்டும்.

எத்தனை ஆண்டு என்பதையும் முன்னதாகவே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். மாதம் 50 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 600. ஏழு வயதில் ஏற்று 18 வயதில் முடிப்பதானால் 11 ஆண்டு. மொத்தம் 6,600 வெள்ளி. ஐம்பது வெள்ளியை எண்ணிப் பார்த்துக் கையெழுத்திடுகிறோம். 6,600ஐ எண்ணிப் பார்ப்பதில்லை. வியாபாரம் ஏறும், இறங்கும். மூன்றாம் ஆண்டில் கடை மந்தமானால் முதலில் நிற்பது இந்தச் சந்தாதான். பாதியில் நின்றால் பிள்ளை பழைய இடத்துக்கும் கீழே போகும். அது கூலிக்குப் போகாத நாட்களை நம்பித்தான் குடும்பம் வேறு ஏற்பாடு செய்திருக்கும். ஆகவே தனியாக ஒரு பிள்ளையை ஏற்பதைவிட, சீட்டுப் பிடிப்பது போல் பத்து வியாபாரிகள் சேர்ந்து ஐந்து பிள்ளைகளை ஏற்பது மேல். ஒருவர் தளர்ந்தால் ஒன்பது பேர் தாங்குவார்கள்.

கடிதம், படம் விஷயத்தில் நமக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. பெருநாளைக்குப் பெருநாள் நன்றிக் கடிதம் எழுதும்படி பிள்ளையை வற்புறுத்துகிறார்கள். ஆசிரியர் கரும்பலகையில் எழுதிப்போட, நாற்பது பிள்ளைகள் பார்த்து எழுதிய நன்றியால் யாருக்கு என்ன லாபம்? செய்த தர்மத்தைச் சொல்லிக்காட்டி மனத்தைப் புண்படுத்துவது தர்மத்தையே அழித்துவிடும் என்பது நாம் அறிந்ததே. நன்றிக் கடிதத்துக்குப் பதில் மதிப்பெண் பட்டியலையும் பள்ளி வருகைப் பதிவையும் கேட்டு வாங்குங்கள். பிள்ளைக்கு நீங்கள் எழுதலாம், எழுத வேண்டும். பதிலை அதன் விருப்பத்துக்கு விடுங்கள். விருந்து வைத்து எத்தீம்களை வரிசையாய் உட்காரவைத்துப் படம் எடுத்துச் சுவரில் மாட்டும் வழக்கத்தையும் விட்டுவிடலாம். அப்பிள்ளைகளும் வளர்ந்து ஒருநாள் அந்தப் படத்தைப் பார்ப்பார்கள்.

சட்டமும் உயிலும்

ஜக்காத் பணத்தை இதற்குக் கொடுக்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஜக்காத்துக்கு உரிய எட்டுக் கூட்டத்தாரைத் திருமறையின் ஒன்பதாம் அத்தியாயம் வரையறுக்கிறது. எத்தீம் என்பதாலேயே ஒரு பிள்ளை அதில் சேர்ந்துவிடாது. ஏழையாக இருந்தால்தான் சேரும். தந்தை விட்டுச் சென்ற சொத்துள்ள எத்தீமுக்கு அன்பும் ஆதரவும் உண்டு, ஜக்காத் இல்லை. ஜக்காத் பணத்தை அனுப்புவதானால் அந்தந்த நாட்டு ஏற்பாட்டையும் ஆலிம்களையும் கேட்டுச் செய்யவும். ஸதகாவுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

சிங்கப்பூரில் உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது: வெளிநாட்டுத் தர்மத்துக்காகப் பொதுமக்களிடம் வசூல் செய்யுமுன் அறநிறுவன ஆணையரிடம் அனுமதி பெற வேண்டும். கடை வாசலில் உண்டியல் வைக்கச் சொல்லி யாராவது வந்தால், அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் உண்டியலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்; தெரிந்தவர், ஊர்க்காரர் என்று தாட்சணியம் பார்க்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. ஏற்றுக்கொண்டவர் திடீரென்று மௌத்தாகிவிட்டால் பிள்ளையின் கதி என்ன? பெரும்பாலான வீடுகளில் வாப்பா இப்படி ஒரு பிள்ளைக்குப் பணம் அனுப்பி வந்தார் என்பதே மக்களுக்குத் தெரிவதில்லை. வங்கிக் கணக்கை மூடும்போது சந்தாவும் நின்றுவிடுகிறது. கடன் பாக்கிகளை எழுதி வைப்பது போல், பிள்ளையின் பெயர், ஊர், நிறுவனம், கட்டிய ஆண்டுகள், இன்னும் கட்ட வேண்டிய ஆண்டுகள் ஆகியவற்றைப் பேரேட்டில் ஒரு பக்கத்தில் எழுதி, மூத்த மகனிடமோ மகளிடமோ பங்காளியிடமோ காட்டி வையுங்கள். மிச்ச ஆண்டுகளுக்கான தொகையை வஸிய்யத்தாகவும் எழுதலாம். வாரிசல்லாத ஒருவருக்குச் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாமல் எழுதி வைக்க மார்க்கத்தில் இடமுண்டு. நாம் மேலே சொன்ன உதாரணத்தில் நான்கு ஆண்டு கட்டியவர் இறந்துபோனால் பாக்கி ஏழு ஆண்டு, 4,200 வெள்ளி.